புகார் யாருக்குப் போகும்? வீட்டுக் கம்ப்யூட்டரை அட்மினாக இருந்து பார்த்துக்கொள்ள

போன மாதம் அண்ணன் மகன் போன் செய்தான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருக்கிறான்.

"அத்தை, என் கம்ப்யூட்டரே என் மேல புகார் கொடுத்துருச்சு."

திரையில் இருப்பதை வாசிக்கச் சொன்னேன். அட்மின் அதிகாரத்தை அந்த ஒரு வேலைக்கு மட்டும் கடன் வாங்கும் சூடோ என்ற கட்டளையைப் போட்டு ஏதோ மென்பொருளை நிறுவப் பார்த்திருக்கிறான். அந்த உரிமை யாருக்கு என்ற பட்டியல்தான் சூடோயர்ஸ் கோப்பு. 'இந்தப் பயனர் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்' என்று ஆங்கிலத்தில் வந்திருக்கிறது.

"யாருக்குத் தெரிவிக்கும்?"

"உனக்குத்தான்டா."

டெபியன் நிறுவும்போது ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு, அதற்கு ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், ரூட் கணக்கைப் பூட்டிவிட்டு முதல் பயனருக்கே சூடோ உரிமையைக் கொடுத்துவிடும். பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டால் ரூட் தனி, பயனர் தனி. இவன் கொடுத்திருக்கிறான். அதனால் அவனுடைய சாதாரணக் கணக்குக்கு அதிகாரம் இல்லை. மீறி முயன்றது அந்த இயந்திரத்தின் லாகில் பதிவாகும். மெயில் வசதி அமைத்திருந்தால் ரூட்டுக்கு ஒரு கடிதமும் போகும். அந்த ரூட்டும் இவனேதான்.

சிரித்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டான்: "அப்போ நான் சிஸ்டம் அட்மின்தானே? ரெஸ்யூமேல போட்டுக்கலாமா?"

எனக்கு இதற்கு நேர்மாறான நிலைமை. சிவகாசியில் 1999-ல் ஒரு அச்சகத்தில் டிடிபி ஆபரேட்டராகச் சேர்ந்தேன். இன்று இரண்டு அச்சகங்களில் 11 கம்ப்யூட்டர்களையும் ஒரு சர்வரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளச் சீட்டில் இன்னும் டிடிபி ஆபரேட்டர் என்றுதான் இருக்கிறது. மற்றவர்களுக்கு நான் 'கம்ப்யூட்டர் அக்கா'. பதவிப் பெயர் இல்லாமல் வேலை செய்பவளிடம், வேலைக்கு முன்னால் பதவிப் பெயரைக் கேட்கிறான் மருமகன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அவனுக்கு எழுதிய பதில்தான் கொஞ்சம் விரிந்து இப்படி ஆகிவிட்டது.

அச்சகத்தில் ஒரு கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறவர் ஒருவர், அதற்குப் பதில் சொல்லவேண்டியவள் நான். பயன்படுத்துகிறவருக்கு வேலை இப்போதே நடக்க வேண்டும். எனக்கு அது அடுத்த மாதமும் நடக்க வேண்டும். வீட்டில் இந்த இரண்டு பேரும் ஒரே ஆள், அங்கேதான் சிக்கல். அவசரக்காரன் சொன்னதற்கெல்லாம் அட்மின் தலையாட்டிவிடுவான். ஆகவே வீட்டில் செய்யவேண்டியது, உங்களை நீங்களே இரண்டு பேராகப் பிரித்துக்கொள்வது.

இரண்டு கணக்கு

விண்டோஸ் என்றால், புதிதாக வாங்கிய அன்று உருவாக்கிய கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்காகத்தான் இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் இன்னொரு பயனரைச் சேர்த்து, 'ஸ்டாண்டர்டு' வகையிலேயே வையுங்கள். இனி தினசரி வேலையெல்லாம் அதில்தான். அட்மின் கணக்கின் பாஸ்வேர்ட் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டு பிறகு மாறுங்கள். இருக்கிற ஒரே அட்மின் கணக்கைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என்ன லாபம்? அட்மினாக உட்கார்ந்திருந்தால் விண்டோஸ் 'ஆமாவா, இல்லையா' என்று மட்டும் கேட்கும். கை தானாக 'ஆமா'வை அழுத்திவிடும். ஸ்டாண்டர்டு கணக்கில் இருந்தால் அட்மினின் பாஸ்வேர்டைக் கேட்கும். அதைத் தட்டச்சு செய்ய ஐந்து நொடி ஆகிறது. அந்த ஐந்து நொடியில்தான் இதை எதற்கு நிறுவுகிறோம் என்ற கேள்வி வருகிறது. எனக்கு அப்படிப் பாதியில் நிறுத்தியவை பல உண்டு.

லினக்ஸில், மருமகன் நிலையில் இருந்தால், ரூட்டாக உள்ளே போய் ஆட்யூசர் கட்டளையில் உங்கள் பயனர் பெயரையும் சூடோ என்ற குழுவின் பெயரையும் கொடுங்கள். அப்புறம் முழுதாக வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். வெளியேறாமலே முயன்று பார்த்து 'வேலை செய்யல அக்கா' என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

டெபியனில் சூடோ முதல்முறை ஓடும்போது ஒரு சின்ன உபதேசம் வரும். 'உள்ளூர் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் வழக்கமான அறிவுரையை உங்களுக்குச் சொல்லியிருப்பார் என்று நம்புகிறோம்' என்று தொடங்கி மூன்று விஷயம் சொல்லும்: பிறருடைய அந்தரங்கத்தை மதி, தட்டச்சு செய்யுமுன் யோசி, பெரிய அதிகாரத்தோடு பெரிய பொறுப்பும் வருகிறது. சூடோ 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஒரு இயந்திரத்தைப் பலர் பங்குபோட்டுக்கொண்ட காலம் அது. அங்கே உள்ளூர் அட்மின் என்று நிஜமாகவே ஒருவர் இருந்தார். வீட்டு லேப்டாப்பில் அந்த ஆளை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

நோட்டு

அந்த ஆளுக்கு முதலில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். காகித நோட்டுதான். கம்ப்யூட்டரைப் பற்றிய குறிப்பைக் கம்ப்யூட்டருக்குள் வைத்தால், அது படுத்தவுடன் குறிப்பும் சேர்ந்து படுத்துவிடும்.

தேதி, எந்த இயந்திரம், என்ன மாற்றினேன், எதற்காக, பழையபடி ஆக்க என்ன செய்வது. அவ்வளவு போதும். என் நோட்டிலிருந்து ஒன்று: 'பில் போடும் மெஷின். பிரிண்டர் டிரைவர் புதியது போட்டேன். ஏ4 வருகிறது, ஏ3 வரவில்லை. பழைய டிரைவர் சர்வரில் இருக்கிறது.' எட்டு மாதம் கழித்து இன்னொரு பையன் அதே டிரைவரை மறுபடி புதுப்பித்துவிட்டு விழித்தபோது, இந்த மூன்று வரி எனக்கு ஒரு மத்தியானத்தை மிச்சப்படுத்தியது. மாற்றியதை எழுதுகிறவர்கள்கூட 'எதற்காக' என்பதை எழுதுவதில்லை. ஆறு மாதம் கழித்துத் தேடுவது அதைத்தான்.

லினக்ஸ்காரர்கள் ஈடிசிகீப்பர் என்ற மென்பொருளையும் நிறுவிக்கொள்ளலாம். அமைப்புக் கோப்புகளில் நடக்கும் மாற்றங்களை, பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் 'கிட்' என்ற மென்பொருளில் சேமித்து வைக்கும். ஆனால் எதற்காக என்று அதுவும் தானாக எழுதாது.

நலமாக இருக்கும்போது பாருங்கள்

டாக்டரிடம் காய்ச்சல் என்று போனால் வெப்பமானி வைக்கிறார். 98.4 சரி என்று அவருக்கு முன்பே தெரியும். உங்கள் கம்ப்யூட்டருக்கு எது சரி என்று உங்களுக்குத் தெரியுமா? ஆன் செய்தால் எத்தனை நொடியில் எழுகிறது, டிஸ்க்கில் எவ்வளவு இடம் பாக்கி, சும்மா இருக்கும்போது எவ்வளவு மெமரி எடுக்கிறது. எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில் இந்த எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், டெபியனின் 'அன்ஸ்டேபிள்' பதிப்பு ஓடும் கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் வழி) மூலம் உள்ளே நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடாமல் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளில் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக்கதவு வைத்திருந்தது வெளியே வந்தது. உலகத்துச் சர்வர்களில் எல்லாம் பரவுவதற்கு முன்பே அது பிடிபட்டது. வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவருக்குத்தான் அரை நொடி கண்ணில் படும்.

ஹார்ட் டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' விவரத்தையும் மாதம் ஒருமுறை பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ். ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகள்) என்ற எண் பூஜ்யமாக இருந்தால் நல்லது. வாரத்துக்கு வாரம் ஏறினால் புது டிஸ்க்குக்குக் காசு எடுத்து வையுங்கள்.

அப்டேட்: தேதி சொல்லிச் செய்யுங்கள்

2017 மே 12-ல் வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. நடுவில் இருந்த இரண்டு மாதமும் 'அப்புறம் பார்க்கலாம்' பொத்தானை அழுத்தியவர்களுடையது. பாதுகாப்பு அப்டேட் வந்தால் அந்த வாரமே போடுங்கள். டெபியனில் அதைத் தானாகப் போட்டுக்கொள்ளவும் அமைக்கலாம். பெரிய பதிப்பு மாற்றம் என்றால் அவசரமே இல்லை, ஒன்றிரண்டு மாதம் ஊரார் அனுபவம் தெரியட்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. இன்னும் அதில் இருந்தால் இந்தப் பத்தி உங்களுக்குத்தான்.

நேரம் பார்ப்பதுதான் கஷ்டம். எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். ஆர்டர் குவிய ஆரம்பித்தால் மார்கழி வரை எந்த மெஷினையும் தொடவிட மாட்டார்கள். நான் கற்றுக்கொண்டது மின்வாரியத்திடம். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தினால் எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்தப் பகுதி என்று முன்கூட்டியே பேப்பரில் வருகிறது. மாவு அரைக்கிறவர்கள் முதல் நாளே அரைத்துக்கொள்கிறார்கள். அதே மாதிரி ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டுகிறேன்: 'சனி மாலை 6 முதல் 7 வரை சர்வர் இருக்காது.' வீட்டிலும் ஒட்டுங்கள். தனியாக இருந்தாலும் காலண்டரில் குறியுங்கள். முதலில் பேக்கப், பிறகு அப்டேட், ரீஸ்டார்ட், ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பார்த்தல், நோட்டில் ஒரு வரி.

பேக்கப், என் இரண்டு தோல்விகள்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எல்லாரும் ஒன்று சொல்வார்கள்: 'விண்டோஸ் போனாலும் டி டிரைவ் பத்திரம்.' நானும் மூன்று வருஷ வேலையை டி டிரைவில் வைத்து நிம்மதியாக இருந்தேன். சி, டி என்பவை ஒரே ஹார்ட் டிஸ்க்கின் நடுவே இழுத்த கோடு என்று ஒரு புரட்டாசி மாதம் புரிந்தது. டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டது, அதோடு சரி. வீட்டின் நடுவில் சுவர் வைத்தால் வெள்ளம் ஒரு அறையோடு நிற்குமா?

சரி என்று வெளியே செருகும் டிஸ்க் வாங்கி வாராவாரம் காப்பி எடுத்தேன். நான்கு வருஷம் பெருமையாக எடுத்தேன். பிறகு புது கம்ப்யூட்டர் வந்தது. பழைய நாள்காட்டிக் கோப்பை அந்த டிஸ்க்கிலிருந்து திறந்தேன். கோப்பு இருந்தது, பக்கம் இருந்தது, கட்டங்கள் இருந்தன. 'ராகு காலம்' இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கொம்பும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்துகள் ஏதேதோ. 365 தாளிலும் அதே கதி.

அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடு கிடையாது. ஆங்கில எழுத்து உட்காரும் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்திருப்பார்கள், அதுவும் ஒவ்வொரு நிறுவனம் ஒவ்வொரு விதமாக. அந்தக் குறிப்பிட்ட எழுத்துரு இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து அப்படியே தெரியும். நான் கோப்புகளைக் காப்பி எடுத்தேன், விண்டோஸின் ஃபாண்ட்ஸ் போல்டரை எடுக்கவில்லை. கேட்டால் யாரும் சொல்லவில்லை என்பேன். ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவர் வீட்டுப் பரணில் இருந்த பழைய சிடியிலிருந்து அந்த எழுத்துருவை எடுக்க இரண்டு நாள் ஆனது.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். உங்களுடையது அல்லாத ஒரு கம்ப்யூட்டரை இரவல் கேளுங்கள். பேக்கப் டிஸ்க்கை அதில் செருகி மூன்று கோப்பைத் திறங்கள்: இருப்பதில் பழையது ஒன்று, நேற்று செய்தது ஒன்று, மிகப் பெரியது ஒன்று. திறந்தால் போதாது, அச்செடுத்துப் பாருங்கள் அல்லது ஓடவிட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எது திறக்கவில்லை என்று நோட்டில் எழுதுங்கள்.

எத்தனை பிரதி? மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில் என்பது பரவலான கணக்கு. என்னுடைய மூன்றாவது பிரதி விருதுநகரில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் கையில் இருக்கும் டிஸ்க்கைக் கொடுத்து அங்கே இருப்பதை வாங்கி வருவேன். காப்பி எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். பணம் பறிக்கும் வைரஸ் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும்.

இது கத்துக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களை வைத்துக்கொள்ளும் தளமான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் இருந்துகொண்டு தரவுத்தளம் இருந்த போல்டரை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி-தான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால், தினசரி எடுப்பது பதிப்புப் பொருத்தம் இல்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவே இல்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்த ஒரு பிரதிதான் கை கொடுத்தது. நடந்ததை எல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்தார்கள், அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

மருமகன் கேட்ட கேள்வியை உங்கள் பேக்கப்பிடமும் கேளுங்கள்: இது தோற்றால் புகார் யாருக்குப் போகும்? தானாக ஓடும் பேக்கப் என்றால் கடைசியாக எப்போது முடிந்தது என்ற தேதியை நீங்களே வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். அது வந்து சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொரு ஆளைச் சேருங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் தனியாகச் செய்யலாம். ஆனால் இரண்டு பேராகப் பிரிந்து நடிப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. நிஜமான பயனர் ஒருவர் வேண்டும். மருமகன் வீட்டில் அவன் தாத்தா, அதாவது என் அப்பா இருக்கிறார். பட்டாசுக் கடையில் கணக்கெழுதியவர், வயது 78. பழைய பாட்டு கேட்பார், கம்ப்யூட்டரோடு சதுரங்கம் ஆடுவார். அவருக்கு அந்த லேப்டாப்பில் தனிக் கணக்கு போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

அங்கே தொடங்குகிறது பாடம். 'நெட் போயிருச்சு' என்று அவர் சொன்னால் ஒலி நின்றுபோயிருக்கலாம், திரை மங்கியிருக்கலாம், நெட்டே போயிருக்கலாம். கோபப்படாமல் கடைசியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டு, அதை எழுதி, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் பாஸ்வேர்டை மறந்தால் மாற்றிக் கொடுக்கலாம், அது என்னவென்று கேட்டு வைத்துக்கொள்ளக் கூடாது. ரூட்டாக இருப்பவனுக்கு அவர் கோப்புகள் எல்லாம் திறக்கும், திறக்கக் கூடாது. சூடோவின் முதல் உபதேசத்துக்கு வீட்டில் அர்த்தம் வருவது இந்த இடத்தில்தான். அவருக்கே சூடோ கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று தோன்றும். எனக்கும் அச்சகத்தில் தோன்றியது. மறுவாரம் ஒரு மெஷினில் மூன்று ஆன்டிவைரஸ் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

வீட்டில் கற்க முடியாதவையும் இருக்கின்றன. 200 பேர் கணக்கை ஆக்டிவ் டைரக்டரி என்ற மைக்ரோசாஃப்டின் பயனர் பதிவேட்டில் வைத்து நடத்துவது, தணிக்கைக்காரருக்குப் பதில் சொல்வது, முதலாளியே கேட்டாலும் முடியாது என்பது. அதற்கெல்லாம் ஓர் இடத்தில் வேலைக்குப் போயாக வேண்டும்.

ரெஸ்யூமே விஷயம். 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று பதவி மாதிரி போடாதே என்று சொன்னேன். நேர்முகத்தில் முதல் கேள்வியே 'எத்தனை பயனர்?' என்று வரும். செய்ததை அப்படியே எழுதலாம்: இரண்டு பயனர் உள்ள டெபியன் கணினியை இத்தனை மாதம் பராமரித்தது, பேக்கப் எடுத்து வேறு கணினியில் மீட்டுப் பார்த்தது, மாற்றங்களின் பதிவேடு. நோட்டையே கையில் எடுத்துப் போ என்றேன். முறையான சான்று வேண்டுமானால் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற அட்மின் தேர்வு இருக்கிறது. அதில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை கிடையாது. நிஜக் கணினியைக் கொடுத்து, செய்து காட்டு என்பார்கள். வீட்டில் தினம் செய்தவனுக்கு அது பழகிய தெரு.

நேற்று இரவு எட்டரைக்கு அழைத்தான். அப்டேட் போட்டாயிற்று, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், சுவரில் சீட்டும் ஒட்டியிருக்கிறான், ஆனால் தாத்தா எழுந்திருக்க மாட்டேன் என்கிறாராம். சதுரங்கத்தில் ராணியை இழந்துவிட்டு ஜெயிக்கப் பார்க்கிறார்.

"சீட்டுல எட்டு மணின்னு எழுதியிருக்கேன் அத்தை. பவர் பட்டனை அமுக்கிரட்டுமா?"

"எங்க அப்பாடா அவரு. ஆட்டம் முடியட்டும்."

ஒன்பது நாற்பதுக்கு ஒரு படம் அனுப்பினான். நோட்டில் அவன் கையெழுத்து: 'ரீஸ்டார்ட் 8-க்குப் பதில் 9.35. காரணம்: பயனர் ஒப்புதல் தாமதம்.' கீழே தாத்தா தன் கணக்கெழுத்துக் கையெழுத்தில் 'ஆட்டம் டிரா' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.